14 வயது வேகப்பந்து வீச்சாளனுக்கு எவ்வளவு பயிற்சி தகும்?

கேள்வி – சாட்ஸ்வொர்த் தந்தை
அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு வயது 14. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளி அணி, ஊர்க் கழகம், மாகாண வயதுப்பிரிவு அணி ஆகிய மூன்றுக்கும் வேகப்பந்து வீசுகிறான். செவ்வாய், வியாழன் பள்ளியில் நெட் பயிற்சி, புதன் கழகத்தில், சனி ஆட்டம், ஞாயிறு மாகாண அணிப் பயிற்சி. வலக்கையால் வீசும் அவனுக்கு ஒரு மாதமாக இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடப்பக்கத்தில் வலிக்கிறது. ஓய்வெடுத்தால் குறைகிறது, வீசினால் திரும்ப வருகிறது. வளரும் பிள்ளைக்கு வலி வரத்தான் செய்யும், தைலம் தேய்த்தால் போதும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். அணியில் இடம் போய்விடுமோ என்று பயந்து அவன் இப்போது வலியை மறைக்கவும் தொடங்கியிருக்கிறான். என்ன செய்வது?

பதில் 1 – பிசியோதெரபிஸ்ட், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
ஐயா, முதலில் பந்துவீச்சை உடனே நிறுத்துங்கள். வலக்கை வீச்சாளருக்கு இடப்பக்கக் கீழ்முதுகில் வரும் வலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, முதுகெலும்பின் அழுத்த முறிவாக (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் விரிசல்) இருக்கலாம் என்றே நாங்கள் கருதுவோம். இடக்காலில் மட்டும் நின்று பின்னால் வளையும்போது அதே இடத்தில் வலித்தால் ஐயம் இன்னும் வலுக்கும். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், எம்.ஆர்.ஐ. தேவையா என்று விளையாட்டு மருத்துவரிடம் கேளுங்கள். விரிசல் விழுவதற்கு முன்பே எலும்பில் தோன்றும் வீக்கத்தை அது காட்டிவிடும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் விரைவில் தேறலாம். முழு முறிவானால் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு எலும்பு கூடாமலே போவதும் உண்டு.

தசை பலப்பட்ட அளவுக்கு இந்த வயதில் கீழ்முதுகு எலும்பு கெட்டிப்பட்டிருக்காது. அது முழு உறுதி பெற இருபது வயதுக்கு மேலும் ஆகும். உயரம் சடசடவென்று கூடும் மாதங்களில் ஆபத்து மிகுதி.

பதில் 2 – முன்னாள் பள்ளிப் பயிற்சியாளர், டர்பன்
உங்கள் மகனின் வாரத்தில் மூன்று பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவன் மொத்தம் எத்தனை பந்து வீசினான் என்று அறிந்தவர் ஒருவருமில்லை. சிக்கலின் வேர் இதுதான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் கடைப்பிடித்த விதியில், 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் மட்டுமே வீசலாம்; ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. செவ்வாய், புதன், வியாழன் என்று அடுத்தடுத்து மூன்று நாள் வீசுபவன், வாரக்கடைசி வருமுன்பே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறான். நெட்டில் அறுபது பந்து வீசினால் அதுவும் பத்து ஓவர்தான், ஆனால் அதை யாரும் எண்ணுவதில்லை.

ஒரு நோட்டில் நாள், இடம், வீசிய பந்துகள், வலி உண்டா இல்லையா என்று எழுதி, வாரந்தோறும் அதைப் படமெடுத்து மூவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திறமையைக் காரணம் காட்டி வயதைத் தாண்டவிடக் கூடாது. நம் ஊர் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் மாரத்தானில்கூட 20 வயது நிரம்பாதவருக்கு இடமில்லை.

பதில் 3 – ஃபீனிக்ஸ் அம்மா
என் மகள் ஓட்டப்பந்தய வீராங்கனை. கிரிக்கெட் பருவம் தொடங்கும் நேரத்தில்தான் புரட்டாசியும் வருகிறது. விரதத்தை விட வேண்டியதில்லை. ஆனால் இறைச்சியும் மீனும் நின்ற இடத்தில் பீன்ஸ் கறி, பருப்பு, தயிர் ஆகியவையும், முட்டை சேர்ப்பீர்களானால் அதுவும் தட்டில் கூட வேண்டும். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாத பிள்ளைக்கு எலும்பும் தளரும். உறக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

சாட்ஸ்வொர்த் தந்தை
மூவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை தேர்வாளர்கள் வருகிறார்கள். மட்டை மட்டும் பிடிக்கலாமா?

பிசியோதெரபிஸ்ட்
மருத்துவர் பார்க்கும்வரை அதுவும் வேண்டாம், ஐயா. மட்டை வீச்சிலும் கீழ்முதுகு முறுக்கிக்கொள்ளும். தேர்வாளர்களிடம் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். அந்தப் பொறுப்பைப் பையன் மேல் வைக்காதீர்கள்.