பாய்மரப் படகின் உள்ளறையில் ஈரமும் பூஞ்சையும்: திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

கேள்வி: தேங்காய்த்திட்டு

அனைவருக்கும் வணக்கம். 22 அடி நீளமுள்ள ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அரியாங்குப்பம் ஆற்றில், முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, நங்கூரத்தில் நிற்கிறது. இரண்டு பேர் படுக்கவும், ஒரு சிறு அடுப்பை வைத்துக் காப்பி போடவும் இடமுள்ள தாழ்வான அறை ஒன்று அதில் உண்டு. வார இறுதியில் மட்டும்தான் என்னால் படகுக்குப் போக முடிகிறது.

வாசல் பலகையை உருவியதும் ஊறிய கோணிச்சாக்கின் வாடை முகத்தில் அடிக்கிறது. மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கமெல்லாம் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிகின்றன. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நான்கு மணியளவில் கூரையின் உட்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்து, படுத்திருப்பவர் நெற்றியில் சொட்டுகிறது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடப்பதற்கு முன்பே படகைக் கரையேற்றி, தார்ப்பாய் போர்த்தி, ஓர் ஓட்டைகூட இல்லாமல் இறுக மூடி வைத்திருந்தேன். படகுக்குச் சேதம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது, காற்றே புகாத அந்த அறைக்குள் இருந்த துணியிலும் பலகையிலும் பூஞ்சை படர்ந்திருந்தது.

பிறகு, அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் நான்கு வாங்கி வைத்தேன். ஒரே வாரத்தில் நான்கும் நிரம்பிவிட்டன. ஐப்பசி நெருங்குகிறது. அறையைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கடலூர் முதுநகர், படகுத் தச்சு வேலை

தம்பி, திறப்பதா மூடுவதா என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். உப்பனாற்றங்கரையில் நான் பழுது பார்த்த படகுகளில், காற்றோட்டம் இல்லை என்று சொல்லிக் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை உண்மையில் ஒழுகிக்கொண்டிருந்தவை.

படகின் அடிவயிற்றில் தேங்கியிருக்கும் நீரில் எண்ணெய் மிதக்கவில்லையென்றால் ஒரு சொட்டை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். உப்புக் கரித்தால் நீர்மட்டத்துக்குக் கீழே எங்கோ கசிகிறது. கரிக்கவில்லையென்றால் மழையோ பனியோ மேல்தளத்தின் வழியாக இறங்குகிறது. உப்புநீரைவிட நல்ல நீருக்குத்தான் நான் அஞ்சுவேன், ஏனென்றால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு நல்ல நீர்தான் தோது. ஃபைபர் படகுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பெரும்பாலும் பிளைவுட்டோ இலேசான மரமோ வைத்திருப்பார்கள். ஒரு போல்ட் துளை வழியாக மழைநீர் அதற்குள் போய்விட்டால், வெளியே பளபளவென்று இருக்கும் தளம் உள்ளே கூழாகிவிடும்.

பாய்மரம் ஊன்றியிருக்கும் இடம், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் தகடுகள், கைப்பிடிக் கம்பிகளின் அடி, முன்மூடியின் ரப்பர் பட்டை ஆகிய நான்கையும் சந்தேகப்படுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேர்கீழே, அறையின் உள்ளே, சாக்பீஸால் தடித்த கோடு ஒன்று போடுங்கள். பிறகு ஒருவர் மேலே ஹோஸ் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தாழ்வான இடத்தில் தொடங்கி, ஓரிடத்துக்குப் பத்து நிமிடமாவது விட்டு, படிப்படியாக மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, கசிவு எதனுடையது என்றே தெரியாது.

கட்டுமரத்தில் போய் வந்தவர்கள் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காயவைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அறையுள்ள படகை அப்படிப் பிரித்துப் போட முடியாது. ஆகவே தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதுதான் நமக்கு முதல் வேலை.

பதில்: காலாப்பட்டு, இயற்பியல் ஆசிரியர்

மேலே ஐயா சொன்னதுதான் முதல் படி. அதற்கடுத்து, உங்கள் நான்கு டப்பாக்கள் சொல்லும் செய்தியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். உங்கள் அறை ஆறு கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் காற்றில் உள்ள மொத்த நீரும் 145 கிராம்தான், அதாவது ஒரு டம்ளர் அளவு. நான்கு டப்பாக்களில் சேர்ந்த நீர் அதைப்போலப் பல மடங்கு இருந்திருக்கும். அது மெத்தையிலிருந்தும் பலகையிலிருந்தும் கிளம்பியிருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து இடைவிடாமல் வந்திருக்க வேண்டும்.

பகலில் மூடிய அறை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது மெத்தையிலும் பிளைவுட்டிலும் ஊறிக்கிடக்கும் ஈரம் ஆவியாகிக் காற்றில் நிறைகிறது. பொழுது சாய்ந்த பிறகு, திறந்த வானத்தைப் பார்த்தபடி கிடக்கும் மேல்தளம் சுற்றியுள்ள காற்றைவிடவும் வேகமாகக் குளிர்கிறது. பகலில் கிளம்பிய ஆவி அந்தக் குளிர்ந்த கூரையில் நீராகப் படிகிறது. மார்கழியில் உங்கள் நெற்றியில் விழும் சொட்டு இதுதான். இரண்டு பேர் எட்டு மணி நேரம் உள்ளே உறங்கினால், மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டருக்கு மேல் நீர் காற்றில் சேரும். கேஸ் அடுப்பும் அப்படித்தான்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் கூடுதலான நீராவி பிறக்கிறது. காப்பி போடும்போது கதவைத் திறந்து வைப்பது உயிருக்கும் நல்லது, மெத்தைக்கும் நல்லது.

ஆகவே, வெயிலில் கிளம்பும் ஈரத்தைப் பொழுது சாய்வதற்குள் வெளியே தள்ள வேண்டும். இதற்கு ஒரு துவாரம் போதாது. காற்று நுழைய ஒன்று, வெளியேற ஒன்று, இரண்டும் அறையின் இரு கோடிகளில் இருக்க வேண்டும். கடலில் நங்கூரமிட்ட படகு அணியத்தை, அதாவது முன்பகுதியை, காற்றுக்குக் காட்டி நிற்கும். ஆற்றிலோ ஏற்றவற்றத்தின் ஓட்டம் படகைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிவிடும். நிலத்திலிருந்து வரும் கச்சான் காற்றும் அடிக்கும், பிற்பகலில் கடற்காற்றும் அடிக்கும். அதனால் காற்றின் தயவை மட்டும் நம்பாமல் சிறிய மின்விசிறி ஒன்றை வைத்துவிடுவது நல்லது. கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் விசிறிக்கு இரண்டு மூன்று வாட் போதும். அதைச் சிறு சூரியத் தகட்டில் நேரடியாக இணையுங்கள், பேட்டரி வேண்டாம். வெயில் இருக்கும்போது ஓடும், வெயில் போனால் நிற்கும். நமக்கு வேண்டிய நேரமும் அதுதான். விசிறியை அணியத்தில் உயரமாகப் பொருத்தி வெளியே ஊதச் செய்து, வாசல் பலகையின் கீழ்ப்பகுதியில் கொசுவலை அடித்த திறப்பு ஒன்றை வையுங்கள்.

மழை புகுமே என்று தயங்கினால், 1930இல் கடலில் இறங்கிய டொராட் என்ற அமெரிக்கப் பந்தயப் படகின் பெயரால் வழங்கும் பெட்டியை நம் ஊர்த் தச்சரே செய்துவிடுவார். ஒரு மரப்பெட்டிக்குள் ஒரு பக்கம் காற்றுக்குழல் திறக்கும். மறுபக்கத்தில், அறைக்குப் போகும் குழாய் பெட்டியின் தரையிலிருந்து சில அங்குலம் உயர்ந்து நிற்கும். உள்ளே வந்த நீர் தரையோரத் துளைகளில் வடிந்துவிடும், காற்று மட்டும் குழாயில் இறங்கும்.

இன்னொன்று: தார்ப்பாயைப் படகோடு ஒட்டப் போர்த்தாதீர்கள். குறுக்குக் கட்டையின் மேல் கூரைபோலக் கட்டி, அடியில் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். பகலில் நிழலாகும், இரவில் மேல்தளம் அதிகம் குளிராமல் தடுக்கும்.

பதில்: தேவனாம்பட்டினம், மெத்தை உறை தைப்பவர்

அண்ணா, மெத்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடல்நீர் பட்ட துணி எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் முழுதாகக் காயாது. சமையலறை உப்பே 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் கசிந்து நீராகிவிடும். கடலுப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே இழுத்துக்கொள்ளும். நம் கரையில் இரவில் ஈரப்பதம் பெரும்பாலும் 75க்கு மேல்தான் இருக்கும். எனவே உறைகளைக் கழற்றி, கரிப்புச் சுவை போகும்வரை நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். நனைந்த சட்டையோடு அதன்மேல் உட்காருவதையும் விட்டுவிடுங்கள்.

கரும்புள்ளிக்கு பிளீச்சிங் போடாதீர்கள், தையல் நூல் இற்றுவிடும். வெள்ளை வினிகரில் துடைத்து, காலை வெயிலில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கைப் பலகையில் விரலளவு துளைகள் போட்டு, மெத்தைக்கு அடியில் பிளாஸ்டிக் வலைப் பாயை விரித்தால் அடியில் காற்று போகும். வாரநாள்களில் மெத்தை படுத்துக்கிடக்கக் கூடாது. சுவரில் சாய்த்து, பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தால், வெளியே இருப்பதே 95 சதவீத ஈரக் காற்றுதான். அதை உள்ளே ஊதி எதையும் காயவைக்க முடியாது. அந்த நாள்களில் துவாரங்களை அடைத்துவிட்டு, காய்ந்த மெத்தையோடு டப்பாக்களை வைக்கலாம். மூடிய அறையில்தான் அவை பயன்படும். துவாரம் திறந்திருந்தால் ஆற்றின் மேலிருக்கும் காற்றையே அவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். டப்பாவில் சேரும் நீர் அலுமினியத்தை அரிக்கும், ஆகவே டப்பாவை வாளிக்குள் வையுங்கள். மழை விட்ட முதல் வெயிலிலேயே திறந்துவிடுங்கள்.

பதில்: தேங்காய்த்திட்டு

மூவருக்கும் நன்றி. நேற்று என் தங்கை மகன் மேலே ஹோஸ் பிடிக்க, நான் உள்ளே படுத்திருந்தேன். அடிவயிற்று நீர் கரிக்கவில்லை. முன்மூடியும் கைப்பிடிக் கம்பிகளும் தப்பின. வலப்பக்கக் கம்பித் தகட்டின் மேல் நீர் விட்டு ஏழாம் நிமிடம், சாக்பீஸ் கோட்டின் நடுவில் ஒரு சொட்டு இறங்கி வெள்ளையைக் கரைத்துக்கொண்டு ஓடியது. மூன்று ஆண்டுகளாக அந்த இடத்துக்கு நேர்கீழேதான் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். அதை எப்படி அடைப்பது? மேலே சீலன்ட் பூசினால் போதுமா?

பதில்: கடலூர் முதுநகர், படகுத் தச்சு வேலை

போதாது தம்பி. மேலே பூசினால் இந்த மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்கு மறுபடியும் வரும். முதலில் பாய்மரம் சாயாதபடி மாற்றுக் கயிறு கட்டி, தகட்டின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறிப் பாருங்கள். ஈரமான பழுப்புத் தூள் வந்தால் நடுமரம் மக்கத் தொடங்கியிருக்கிறது. அதைச் சுரண்டியெடுத்து, சில நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, துளையைப் பெரிதாக்கி எப்பாக்ஸி பசையால் முழுக்க நிரப்புங்கள். அது இறுகியபின் நடுவில் போல்ட்டுக்குப் புதுத் துளை போட்டால், இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. துளையின் வாயை இலேசாகச் சரித்துவிட்டு, தகட்டுக்கடியில் ப்யூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையைச் சுற்றி வைத்து முடுக்குங்கள். முடுக்கும்போது மேலே போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட் சுழன்றால் பட்டை அறுந்துவிடும். ஒரே நாளில் இறுக்கிவிடாமல், பிதுங்குவதை வழித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

எதிர்ப்பக்கத் தகட்டையும் அதே கையோடு கழற்றிவிடுங்கள், இரண்டும் ஒரே வயதுதான். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, முதல் மழைக்குப் பின் அது எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.