டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டியில் வீட்டு அனுமதி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஆஸ்டினுக்குக் கிழக்கே, எந்த நகர எல்லைக்குள்ளும் வராத இடத்தில் 6 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். சின்னதாக ஒரு வீடு கட்ட வேண்டும்.

டெக்சாஸின் கிராமப்புறக் கவுண்டிகள் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பலவற்றில் நகரம் போலக் கட்டட பெர்மிட் கேட்பதில்லை. ஆனால் செப்டிக் டேங்க் என்றால் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். 10 ஏக்கர் இருந்தால் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மண்ணோ சுத்தக் களிமண். சாதாரண முறையில் தண்ணீர் உறிஞ்சாது, கழிவுநீரைக் காற்று செலுத்திச் சுத்தம் செய்து, தெளிப்பானால் நிலத்தில் தெளிக்கும் ஏரோபிக் முறைதான் சரி என்கிறார் மண்ணைப் பார்க்க வந்தவர். அதற்குப் பராமரிப்புச் செலவு வேறு. களிமண்ணில் வேறு ஏதாவது முறை போட்டவர்கள் இருக்கிறீர்களா? ஆழ்துளைக் கிணறும் போட வேண்டும். கிணற்றுக்கும் டேங்குக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பதால், எதற்கு முதலில் இடம் குறித்தீர்கள்?

அப்புறம், ஒரு மூலையில் ஓடை இருக்கிறது. ஃபீமாவின் (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெள்ள வரைபடத்தில் அந்த மூலை ஏ மண்டலம், அதாவது வெள்ள அபாயப் பகுதி; வெள்ள மட்டம் எவ்வளவு என்று போடவில்லை. வீடு மேட்டில்தான் வருகிறது. இப்படி இருந்தும் உங்களிடம் வெள்ளப்பகுதி அனுமதியோ, எலிவேஷன் சர்ட்டிபிகேட்டோ (வீட்டுத் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற சான்றிதழ்) கேட்டார்களா? பாஸ்ட்ராப், லீ கவுண்டிப் பக்கம் கட்டியவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.