நடைபாதைத் தாத்தாவின் நாய்க்கு என்ன செய்யலாம்?

எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் படுக்கும் தாத்தா ஒருவர், நான் வாங்கித் தரும் நாலு இட்லியில் இரண்டை மணிக்குத்தான் (நாய்) முதலில் பிட்டு வைக்கிறார். காப்பகத்துக்குக் கூப்பிட்டால் "இவனை எங்க விடுறது?" என்கிறார். மணிக்குக் காதோரம் சொறி வேறு. என்ன செய்ய?

பதில் 1: நீங்களாக எதையும் தடவாதீர்கள், காலால் சொறிந்து அந்தக் காலை நக்கிவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே, காலையிலேயே ஆட்டோ பிடித்துப் போங்கள். தாத்தாவையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவர் இல்லாமல் அது ஏறாது.

பதில் 2: அப்படியே ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், வருடம் ஒரு தடவை. ஊசி அட்டையை பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கொடுங்கள், மழையில் நனையாது. கழுத்துக்கு ஒரு பட்டை, இல்லையென்றால் தெருநாய் என்று பிடித்துப் போய்விடுவார்கள்.

கேட்டவர்: சரி, சனிக்கிழமை போகிறோம். பட்டை சிவப்பில்தான் வேண்டுமாம் தாத்தாவுக்கு!