டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது: பழையாறு முதல் மல்லிப்பட்டினம் வரை கண்டவை

காவிரிப் படுகைக் கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஃபிஷ் ஃபைண்டர் (ஒலியை அனுப்பி மீனையும் ஆழத்தையும் திரையில் காட்டும் கருவி) பொருத்தித் தரும் வேலை செய்பவன் என்ற முறையில், இதில் நான் கண்டவற்றை இங்கே பகிர்கிறேன். வாங்கும்போது திரை எத்தனை அங்குலம், பேட்டரி எவ்வளவு இழுக்கும் என்றெல்லாம் விசாரிக்கும் நாம், ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியான, தண்ணீருக்குள் கிடக்கப் போகிற டிரான்ஸ்டியூசரை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் வைப்பது என்பதைக் கடைசி நேரத்துக்கு விட்டுவிடுகிறோம். "மிஷின் சரியில்லை" என்று என்னிடம் வரும் படகுகளில் பெரும்பாலானவற்றில் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது; அது வைக்கப்பட்ட இடம்தான் சரியில்லை.

டிரான்ஸ்டியூசர் கீழே அனுப்பும் ஒலி, நீரில் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் சென்று, தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்புகிறது. மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் அந்த ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. நீரிலிருந்து காற்றுக்குள் ஒலி எளிதில் நுழையாது என்பதே அதற்குக் காரணம். அதே காரணத்தால்தான், டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அடியில் நுரையோ குமிழியோ ஓடினால் ஒலி அங்கேயே தடுக்கப்பட்டு, திரையில் கடலின் அடிமட்டமே மறைந்துவிடுகிறது. ஆகவே இந்த வேலையில் முதலில் தேட வேண்டியது, படகு ஓடும்போது குமிழி இல்லாமல் நீர் வெளியேறும் இடத்தைத்தான்.

தரங்கம்பாடியில் ஒரு படகுக்காரர் சொன்ன குறை இது: "நின்னா எல்லாம் தெளிவா தெரியுது அண்ணே, எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினா அடி காணாமப் போயிடுது." அதற்கு முன் பார்த்தவர், கருவியை மாற்றச் சொல்லியிருந்தார். நான் திருகாணி எதையும் தொடாமல், அவரைப் படகை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்பலகையின் மேல் குப்புறப் படுத்து, படகின் அடியிலிருந்து நீர் விலகும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் கூடக் கூட, பெரும்பகுதியில் நீர் கண்ணாடியைப் போல வழுவழுப்பாக வெளியேறியது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. படகின் அடியில் வலுவுக்காக நீளவாக்கில் விட்டிருந்த புடைப்பு அந்த இடத்தில்தான் முடிந்தது. டிரான்ஸ்டியூசரும் மிகச் சரியாக அந்த வெள்ளைக் கோட்டுக்குள்தான் இருந்தது. ஒரு சாண் தள்ளி வைத்ததும், முழு வேகத்திலும் அடிமட்டம் திரையில் நிலைத்து நின்றது.

அவுட்போர்டு எஞ்சின் (பின்பலகையின் வெளியே மாட்டுவது) உள்ள படகில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால், வலப்பக்கத்தில் இலைகள் கீழ்நோக்கி வரும்; குமிழிகள் அந்தப் பக்கத்தில் கீழே தள்ளப்படுவதால் டிரான்ஸ்டியூசரை வலப்பக்கம் வைப்பது நல்லது. புரொப்பல்லரிலிருந்து 38 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஃபைபர் படகில் அதன் முகம், படகின் அடிமட்டத்தை விட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீழே இருந்தால் போதும். "ஆழமாக இருந்தால் நன்றாகப் பார்க்கும்" என்று கீழே இறக்குபவர்கள், அதுவே நீரைக் கிழித்து நுரையை உண்டாக்குவதைக் கவனிப்பதில்லை. லாங் டெயில் எஞ்சினில் நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் வெகு தூரம் பின்னால் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. எந்தப் படகானாலும் பின்பலகையில் முதலில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பலகையைப் பொருத்தி, அதன் மேல் டிரான்ஸ்டியூசரை வைக்கச் சொல்வேன். பிறகு எத்தனை முறை நகர்த்தினாலும் புதிய துளை பலகையில்தான் விழும், படகில் விழாது.

இடம் அமைந்த பிறகு சாய்வு. கரையில் படகு நிற்கும்போது ரசமட்டம் வைத்துப் பார்த்து முடித்துவிடுபவர்களிடம் நான் உடன்படுவதில்லை, ஏனென்றால் கடலில் படகு அந்த நிலையில் மிதப்பதே இல்லை. அக்கரைப்பேட்டையில் ஒரு படகில், திரையில் மீன் எல்லாம் பாதி வில்லாகவே வந்தது. மீனுக்கு நேர் மேலே படகு கடக்கும்போது இடைத்தூரம் முதலில் குறைந்து பிறகு கூடுவதால், முழு வில் தோன்ற வேண்டும். திரையின் வலப்பக்கம் புதிய படம் வரும் கருவியில், கீழிருந்து மேலேறும் பாதி மட்டும் தெரிந்தால் ஒலி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றும், மேலிருந்து கீழிறங்கும் பாதி மட்டும் தெரிந்தால் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றும் கொள்ளலாம். அந்தப் படகில் ஐஸ் பெட்டியும் வலையும் டீசல் கேனும் எல்லாம் அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில் இருந்தன. அணியம் (முன்பகுதி) தூக்கிக்கொண்டு நின்றதால், படகோடு சேர்ந்து டிரான்ஸ்டியூசரும் முன்னால் பார்த்தது. அதன் முன்விளிம்பை இறக்கிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். ஆனால் முன்விளிம்பு தாழ்ந்தால் ஓடும் நீர் அதன் முகத்தை விட்டு விலகி, வேகத்தில் படம் அறுந்துவிடும். அதனால் டிரான்ஸ்டியூசரைத் தொடாமல் ஐஸ் பெட்டியை நடுப்படகுக்கு மாற்றச் சொன்னேன். ஆட்கள் முதலில் முணுமுணுத்தாலும், வில் முழுதாக வந்ததைப் பார்த்தபின் பெட்டியை அங்கேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். சாய்வைச் சரிபார்ப்பதானால், கடலுக்குப் போகும்போது ஏற்றும் சுமை முழுவதையும் ஏற்றிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

பூம்புகார், வானகிரி போன்ற இடங்களில் படகை மணலில் ஏற்றி இறக்குவதுதான் டிரான்ஸ்டியூசருக்குப் பெரிய சோதனை. டிராக்டர் இழுக்கும்போது அடியில் நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் உடையும். அடிபட்டால் மேலே மடங்கிக்கொள்ளும் பிராக்கெட்டும், பக்கத்தில் குழாயில் கட்டி அலை விழும் இடத்தைத் தாண்டியதும் இறக்கும் முறையும் இங்கே உதவுகின்றன. குழாய் என்றால் அது ஆடக் கூடாது. ஆடினால் அடிமட்டமும் திரையில் அலை அலையாக ஆடும்.

படகின் உள்ளேயே ஒட்டிவிடும் முறையை நான் பெரிதும் விரும்புகிறேன், ஆனால் அது கெட்டியான ஃபைபருக்கு மட்டுமே பொருந்தும்; நடுவில் ஃபோமோ பிளைவுட்டோ இருந்தால் ஒலி ஊடுருவாது. ஒட்டுவதற்கு முன், அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு டிரான்ஸ்டியூசரை அதில் வைத்துக் கடலில் ஓட்டிப் பாருங்கள். படம் திருப்தியாக இருந்தால் மட்டும் எப்பாக்ஸி பசை. அதில் ஒரு குமிழி சிக்கினாலும் படம் மங்கும் என்பதால், மெதுவாக இறுகும் வகையை எடுத்து, டிரான்ஸ்டியூசரைத் திருகியபடியே அழுத்தி வைக்க வேண்டும். இந்த முறையில் ஒலியின் வலு கொஞ்சம் குறையும், நீரின் வெப்பநிலையும் காட்டாது. ஆனால் ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பக்கம், மல்லிப்பட்டினம் படகுகளுக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. அங்கே வேறொன்றுதான் முக்கியம்: ஒலி கீழே கூம்பாக விரிந்து செல்கிறது; 10 மீட்டர் ஆழத்தில் 20 டிகிரிக் கூம்பு தரையில் மூன்றரை மீட்டர் வட்டத்தை மட்டுமே பார்க்கும், 60 டிகிரிக் கூம்பு பதினொன்றரை மீட்டரைப் பார்க்கும். அகலக் கூம்பு உள்ள டிரான்ஸ்டியூசரை வாங்குவதே அந்தப் பக்கத்துக்குச் சரி.

கேபிளை எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். திரையில் புள்ளி மழை பொழிவதற்குப் பல படகுகளில் அதுதான் காரணமாக இருந்தது. நீளம் அதிகம் என்று வெட்டவும் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும், நின்ற படகிலிருந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழத்தை அளந்து திரையோடு ஒப்பிடுவேன். ஐந்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) என்றால் ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அந்த அளவைக் கருவியின் அமைப்பில் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். கொள்ளிடம் முகத்துவாரத்தின் மணல்திட்டைக் கடக்கும் பழையாற்றுப் படகுகளுக்கு அந்த அரை அடிக் கணக்கு மிக அவசியம். படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் நாளில் டிரான்ஸ்டியூசரின் முகத்தை டேப் ஒட்டி மூடுங்கள். சிப்பி ஒட்டினால் கத்தியால் சுரண்டாமல், ஈரத் துணியும் பிளாஸ்டிக் துண்டும் கொண்டு எடுங்கள்.