புதுப்பிப்பு: பவர் சப்ளையை மாற்றிவிட்டேன்

கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் திடீரென அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது, 450 வாட் பவர் சப்ளை போதாதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். என் பிராசஸர் ரைசன் 5 5600க்கு 65 வாட், கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170. கூட்டினால் 450 தாராளம்தான். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் அதைவிட நிறைய இழுக்கும். அப்புறம்தான் பழைய பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படித்தேன்: பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுக்கும் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர், அதாவது வெறும் 300 வாட்! வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550. நான் 650 வாட், 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத தரம்) போட்டேன். இரண்டு வாரமாக ஒருமுறைகூட அணையவில்லை. தயவுசெய்து பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். கேபிள் முனையில் உள்ள பின்களின் (pin) வரிசை மாறினால் ஹார்டு டிஸ்க்கே எரிந்துவிடும். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.