வெள்ளவத்தையில் பனிமனிதன் எதற்கு? முதியோர் சொல் விளையாட்டைப் பற்றி ஒரு வாக்குவாதம்

ஏழாம் மாடி:
வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் அறுபது தாண்டியவர்கள் பதினாறு பேர் இருக்கிறோம். அநேகமானவர்களின் பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ. போன மார்கழியில், ஞாயிறு பின்னேரம் கீழ்த்தளத்தில் கூடிச் சொல் விளையாடத் தொடங்கினோம். முதல் வாரம் ஒரு தம்பி இணையத்தில் கிடைத்த தாள்களைத் தமிழாக்கி அச்சடித்துக்கொண்டு வந்தார். ‘பருவகாலச் சொல் தேடல்’ என்று தலைப்பு. கட்டங்களுக்குள் பனிமனிதன், சறுக்குவண்டி, கம்பளிக் கையுறை. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஓர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்தப் பனிமனிதன் எத்தனையாம் நம்பர் பஸ்ஸில் வந்தவர்?”

அதோடு அந்தத் தாள்களை விட்டுவிட்டோம். அடுத்த வாரம் காற்றின் பெயர்கள்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். கச்சான் என்றதும் ஓர் அம்மா, “அது காலிமுகத்திடலில் வாங்கிக் கொறிக்கிற கடலையெல்லோ” என்றார். அன்று முழுக்க ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் தேடிக்கொண்டிருந்தோம், தேத்தண்ணி ஆறியது தெரியவில்லை. இப்போது ஆடிப்பிறப்புக்குக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய யோசனை. வெளியாட்களையும் கூப்பிடலாம். அறிவித்தலில் ‘ஞாபக மறதியைத் தடுக்கும் மூளைப் பயிற்சி’ என்று போட வேண்டும் என்கிறார்கள் சிலர். போடலாமா?

சாய்மனைக் கதிரை:
போடக்கூடாது. அது பொய். லுமாசிட்டி என்று ஒரு மூளை விளையாட்டுச் செயலி இருக்கிறது. வயதோடு வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்ற தோரணையில் விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டொலர் கட்டி வழக்கை முடித்தார்கள். பணம் படைத்தவனாலேயே நிரூபிக்க முடியாததை நீங்கள் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு நிரூபிக்கப் போகிறீர்களா?

அதே அமெரிக்காவில் ‘அக்டிவ்’ என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேர். ஒரு குழுவுக்கு ஞாபகப் பயிற்சி, ஒரு குழுவுக்குத் தர்க்கம், ஒரு குழுவுக்குப் பார்த்து உடனே பிடித்துக்கொள்ளும் வேகம். எதைப் பழகினார்களோ அதில் மட்டும் தேறினார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது தர்க்கமும் வேகமும் ஓரளவு நின்றன, ஞாபகப் பயிற்சியின் பலன் நிற்கவில்லை. நீங்கள் போட நினைப்பது அந்த ஞாபகத்தைத்தான். சொல் விளையாடினால் சொல் விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு வயது 74. ஞாயிறு பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கிறேன். அதற்கு அறிவித்தல் தேவையில்லை.

கொழுந்துக்கூடை:
அறிவித்தலை விடுங்கள். எனக்கு வேறு ஒரு கோபம் இருக்கிறது.

என் மாமனார் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது எங்களோடு கொட்டாஞ்சேனையில். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாரே என்று இப்படியான ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கே என்று சொல்லமாட்டேன். அன்றைக்குத் தலைப்பு பனை. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, கங்குமட்டை, காவோலை என்று ஆளுக்கு ஆள் அடுக்குகிறார்கள். இவர் ஒன்றரை மணித்தியாலம் வாயே திறக்கவில்லை. முடியும்போது ஒருவர், “ஐயாவுக்கு மறதி தொடங்கிவிட்டதோ” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மறதியா? கவ்வாத்து, பெரட்டு, கொழுந்து, லயம் என்று தலைப்புப் போட்டிருந்தால் அங்கே இருந்தவர்களில் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்? அதற்குப் பிறகு கூப்பிட்டாலும் வருவதில்லை.

பனிமனிதனை நீங்கள் துரத்தியது சரி. ஆனால் சிலருக்கு உங்கள் பனையும் பனிமனிதன்தான்.

ஏழாம் மாடி:
அக்கா, உண்மையைச் சொன்னால் இதை நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் பதினாறு பேரில் மூன்று பேர் மலையகம், இரண்டு பேர் புத்தளத்து முஸ்லிம்கள். காற்றுப் பெயர் சொன்ன அன்று யார் யார் பேசாமல் இருந்தார்கள் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

இரவுப் பணி:
நான் ஓய்வுபெற்ற தாதி. இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

முதலில் சாய்மனைக் கதிரை ஐயாவுக்கு. 2003இல் நியூயோர்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வந்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, வாத்தியம், நடனம் இவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாக இருந்தது. ஆகவே ஒரேயடியாக ‘அவ்வளவுதான்’ என்று கதவைச் சாத்த வேண்டாம்.

மற்றது, மறதி நோய் ஏற்கெனவே ஆரம்ப, நடு நிலையில் உள்ளவர்களுக்காக இங்கிலாந்தில் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தரம், ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு. சிறு குழுவாக இருந்து சொல், பாட்டு, சாப்பாடு, பழைய காலம் என்று கதைப்பார்கள். சிந்தனைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் அளவான முன்னேற்றம் கிடைத்தது. அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: சரியான விடையைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். “ஆடிக்கூழில் என்னென்ன போடுவார்கள்?” என்று கேட்டால் அது பரீட்சை. “கூழ் நல்லதா, கொழுக்கட்டை நல்லதா?” என்று கேட்டால் ஹட்டன்காரரும் புத்தளத்துக்காரரும் வாய் திறப்பார்கள். ஒருவரும் பெயில் இல்லை.

இப்போது ஏழாம் மாடித் தம்பிக்கு. மணிக்கூடு வைத்து ‘ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்’ என்று நடத்துகிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்லமுடியும் என்பது கிளினிக்கில் மறதியைச் சோதிக்கக் கேட்கும் கேள்வி. மெல்லத் தடுமாறத் தொடங்கிய ஒருவருக்கு அது தெரியும். தன் குறையை அயலவர் முன்னால் மணிக்கூட்டோடு காட்ட யாருக்கு விருப்பம்? அடுத்த வாரம் “முழங்கால் நோ” என்று சொல்லி நின்றுவிடுவார்கள்.

காதையும் பாருங்கள். ‘வாடை’ என்று நீங்கள் சொன்னது அவருக்கு ‘வடை’ என்று கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அவர் அத்தோடு பேச்சை நிறுத்துவார். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதி நோயோடு தொடர்புடைய, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது மந்தம், கவனிக்காத பார்வைக் குறைவு, பிரஷர், சீனி வருத்தம், உடலை அசைக்காமல் இருப்பது, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. குறுக்கெழுத்து இல்லை.

சாய்மனைக் கதிரை:
கடைசி வரிக்கு நன்றி, தங்கச்சி. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நியூயோர்க் ஆய்வை நானும் வாசித்தேன். சீட்டாடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்தவர் சீட்டாடினாரா? நோய் வெளியே தெரிய வருடக்கணக்கில் முந்தியே உள்ளே தொடங்கிவிடும். தடுமாறத் தொடங்கியவர் முதலில் விடுவது இப்படியான பொழுதுபோக்கைத்தான். ஆய்வு செய்தவர்களே இந்தச் சந்தேகத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

தனிமைதான் பிரச்சினை என்றால் ‘வாருங்கள், தேத்தண்ணி குடித்துக் கதைப்போம்’ என்று நேராகப் போடுங்களேன். ஏன் அதற்கு மூளை, பயிற்சி என்று வேட்டி கட்டுகிறீர்கள்?

இரவுப் பணி:
ஏனென்றால் ஐயா, ‘தனிமையில் இருப்பவர்கள் வாருங்கள்’ என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். இருபது வருடம் வார்டில் கண்டது இது. எங்கள் ஆட்கள் உதவிக்கு வரமாட்டார்கள், போட்டிக்கு வருவார்கள்.

வெண்கட்டி:
போட்டி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே வருகிறேன். 36 வருடம் தமிழ் படிப்பித்தவள். அபிப்பிராயம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் பாதிப் பேருக்கு நித்திரை வந்துவிடும். கொஞ்சம் உறைப்பு வேண்டும்.

ஆனால் ஆங்கில விளையாட்டை அப்படியே தமிழில் இறக்கினால் சரிவராது, அதையும் சொல்ல வேண்டும். கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சங்கிலி விளையாட்டை எடுங்கள். ‘மரம்’ என்றால் ம வரிசையில் போகலாம். ‘தமிழ்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால்? ழ-வில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை. ள, ற, ன, ண-வும் அப்படித்தான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ‘ன்’ வந்தால் ‘ந’ எடுக்கலாம், ‘ள்’, ‘ழ்’ வந்தால் ‘ல’. ல-வுக்கு இலங்கைத் தமிழனுக்குக் கவலையே இல்லை: லாம்பு, லொறி, லாச்சி, லயம். இலக்கணம் கோபிக்கும், கோபிக்கட்டும்.

தனித்தனியாக வேண்டாம், இரண்டு இரண்டு பேராக விளையாடுங்கள். யாழ்ப்பாணத்துக்காரரோடு மலையகத்துக்காரர். அப்போது யாருக்குத் தெரியவில்லை என்பது வெளியே தெரியாது. பழைய நொடிகளையும், அதுதான் விடுகதைகளையும், போடுங்கள். ‘ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம் ஒருவர் கண்பட்டு உடைந்ததாம்’ என்றால் ஊர் வித்தியாசம் கிடையாது, தேன்கூடு எல்லா ஊரிலும் தேன்கூடுதான்.

கொழுந்துக்கூடை:
சோடியாக என்றால் ஒருவேளை மாமாவிடம் கேட்டுப் பார்க்கலாம். வாக்குத் தரமாட்டேன். கூழில் பனங்கட்டி குறைவாகப் போடுங்கள், அவருக்குச் சீனி 200இல் நிற்கிறது.

ஏழாம் மாடி:
சரி. ‘மறதியைத் தடுக்கும்’ என்ற வரி போகிறது. ‘மூளைப் பயிற்சி’யும் போகிறது, அதற்கு மட்டும் எங்கள் செயலாளர் இன்னும் சண்டை பிடிக்கிறார். மணிக்கூடு இல்லை. மைக் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். தலைப்பு: பனையும் தேயிலையும் நோன்புக் கஞ்சியும், சோடிக்கு மூன்று பட்டியல். பனையில் சாப்பிடக்கூடியவை என்ற பட்டியலை மாதிரிக்கு எழுதிவிட்டேன்: நுங்கு, பனங்காய்ப் பணியாரம், பினாட்டு, ஒடியல், ஊமல், பனங்கட்டி.

சாய்மனைக் கதிரை:
ஊமலைச் சாப்பிடுவீர்களா? ஊமல் என்பது கிழங்கை எடுத்தபின் மிஞ்சும் பனங்கொட்டை. அதை எரித்துக் கரி எடுப்பார்கள். நீங்கள் நினைத்தது பூரான், கொட்டைக்குள் வெள்ளையாக இருக்குமே, அது. இதுகூடத் தெரியாமல் பட்டியல் போடுகிறீர்கள். அத்தோடு அது பினாட்டு இல்லை, பனாட்டு.

வெண்கட்டி:
எங்கள் ஊரில் பினாட்டுத்தான்.

சாய்மனைக் கதிரை:
ஊரில் சொல்வார்கள். பனையிலிருந்து வருவது பனாட்டு. எழுதும்போது சரியாக எழுத வேண்டும்.

கொழுந்துக்கூடை:
இதையெல்லாம் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். அந்தச் சாய்மனைக் கதிரை ஐயாவுக்குப் பெரட்டுக்களம் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்கச் சொன்னார். இங்கே எழுத வேண்டாமாம், நேரில் சொல்ல வேண்டுமாம்.

சாய்மனைக் கதிரை:
நேரில் என்றால் எத்தனை மணிக்கு? ஆறு மணிக்கு நான் நடக்கப் போகவேண்டும்.