அக்கா பையன் கடையில் நிற்பது கேஸ் ஆகுமா?

மளிகைக்கடை:
அக்கா பையனுக்கு 13 வயது. பள்ளி விட்டதும் என் கடைக்கு வந்து பொட்டலம் கட்டுவான், சாமான் எடுத்துக் கொடுப்பான், ஒன்பதரைக்குக் கடை சாத்தும்வரை இருப்பான். நேற்று ஒருவர் "குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடவா?" என்கிறார். நானும் பத்து வயதில் அப்பா கடையில் தராசு பிடித்தவன்தான். வீட்டுக்கு ஒத்தாசை செய்வதற்கும் கூலி வேலைக்கும் வித்தியாசம் கிடையாதா?

குமாஸ்தா:
உண்டு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, குடும்பத்துக்கு உதவலாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். அதில் தாய்மாமனும் குடும்பம்தான். ஆனால் இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது என்று விதி இருக்கிறது, உங்கள் ஒன்பதரை அங்கேதான் இடிக்கிறது. மாட்டினால் அபராதமே 20,000-லிருந்து 50,000 வரை.

சாத்தூர்க்காரி:
எனக்கு அந்த விலக்கே பிடிக்கவில்லை. 1996-ல் சிவகாசி தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் முதலாளி கட்டணும் என்றது. அப்புறம் எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் பிள்ளைகள் குறைந்தார்கள், சரி, ஆனால் அட்டையும் பசையும் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டன. கணக்கு அம்மா பேரில், பெட்டி ஒட்டியது நானும் தம்பியும். குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இவ்வளவு என்று கூலி. விரலிடுக்கில் மைதாப் பசை காய்ந்திருக்கும், பரீட்சைத் தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். கேட்டால் "வீட்டு வேலை டீச்சர்" என்போம். பொய்யும் இல்லையே!

ஊர்சுற்றி:
தடை போட்டால் மறைவாகத்தான் நடக்கும் என்பதற்கு நீங்களே சாட்சி. பொலிவியாவில் வேலை செய்யும் பிள்ளைகளே தடை வேண்டாமென்று தெருவில் இறங்கினார்கள், 2014-ல் நிபந்தனையோடு 10 வயதிலிருந்து அனுமதித்தார்கள்.

குமாஸ்தா:
2018-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாத்தூர்க்காரி:
அம்மாவுக்கு ஒழுங்கான கூலி கிடைத்திருந்தால் நாங்கள் ஏன் ஒட்டப்போகிறோம்? அண்ணே, ஒன்று கேட்கிறேன், பையன் வருவதற்கு முன்னால் பொட்டலம் யார் கட்டினது?

மளிகைக்கடை:
சாயங்காலத்துக்கு ஓர் ஆள் இருந்தார். தீபாவளியோடு நிறுத்திவிட்டேன். பையனை ஏழு மணிக்கு அனுப்பிவிடுகிறேன், அந்த ஆளுக்கு நாளைக்குப் போன் பண்ணிப் பார்க்கணும்.